வடைக்குப் போன ஓரக்குறிப்புகள்

என்னை இயந்திரம் என்று ஒரு இயந்திரம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. போன வருடம் மழை தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு அந்தத் தீர்ப்பு மின்னஞ்சலாக வந்தது. கீழே அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அன்று அது அடிப்பிடித்துப் போனதற்கு நான் பொறுப்பில்லை.

நான் புத்தகங்களைத் திருத்துகிறவள். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போடும் ஆங்கிலப் புத்தகங்கள், பெரும்பாலும் பேராசிரியர்கள் எழுதியவை, அச்சுக்குப் போகும் முன் என் கைக்கு வரும். வாக்கியத்தைச் சீர்செய்வேன். ஒரு பக்கத்தில் சொன்னது இன்னொரு பக்கத்தில் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். புரியாததை ஆசிரியரிடம் கேள்வியாக எழுதிக் கேட்பேன். லண்டனில் கடையில் நின்று அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறவருக்கு, அதில் காற்புள்ளி வைத்தவள் திருவொற்றியூர் மார்க்கெட்டில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வந்து வைத்தாள் என்று தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. சென்னையில் என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறோம். இதற்கென்றே கண்ணாடிக் கட்டடங்களில் கம்பெனிகள் உண்டு. அப்படி ஒன்றில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே தனியாகச் செய்கிறேன்.

மின்னஞ்சலை அனுப்பியவர் இங்கிலாந்தில் ஒரு பதிப்பகத்தில் தயாரிப்புப் பொறுப்பில் இருக்கும் அம்மாள். ஆறு வருடமாக எனக்கு வேலை தருகிறார். என் வருமானத்தில் பெரும்பங்கு அவர் தருவதுதான். உலகத் துறைமுகங்களைப் பற்றி ஒரு பேராசிரியர் எழுதிய தடித்த புத்தகத்தை அதற்கு முந்தைய மாதம்தான் திருத்தி அனுப்பியிருந்தேன். ஆசிரியருக்கு நான் எழுதிய கேள்விகளைத் தங்கள் கண்டறியும் கருவியில் போட்டுப் பார்த்ததாகவும், அவற்றில் பெரும்பகுதி செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று கருவி சொல்வதாகவும் அந்த அம்மாள் எழுதியிருந்தார். மனிதர்தான் செய்தார் என்பதற்குச் சான்றாக வேலைக் குறிப்புகள் ஏதாவது இருந்தால் பத்து வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் புதிய விதிப்படி என் பெயரைத் தங்கள் திருத்துநர் பட்டியலிலிருந்து எடுக்க நேரும். வருந்துகிறோம், அன்புடன், இத்யாதி.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். அந்தக் கேள்விகள் இயந்திரம் எழுதியது போலத்தான் இருந்தன, நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படி எழுதச் சொல்லித்தானே என்னைப் பழக்கினார்கள்? கம்பெனியில் சேர்ந்த முதல் வாரமே ஒரு கோப்பைக் கையில் கொடுத்தார்கள். ஆசிரியரிடம் கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் அதில் வாக்கியம் தயாராக இருந்தது. 'நோக்கம் கொண்ட பொருள் மாறாமல் உள்ளதா எனச் சரிபார்த்து உறுதிசெய்யவும்.' 'இக்கூற்று எல்லா இடங்களுக்கும் பொருந்துமா எனத் தெளிவுபடுத்தவும்.' இதற்கு மேல் சொந்தமாக ஒரு வார்த்தை போடக்கூடாது. ஒருமுறை ஓர் ஆசிரியருக்கு, இந்த அத்தியாயம் அழகாக இருக்கிறது என்று எழுதிவிட்டு மேலாளரிடம் அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பதினெட்டு வருடம் இயந்திரம் மாதிரி எழுது, எழுது என்றார்கள், எழுதினேன். பிறகு நிஜ இயந்திரம் வந்தது. அதுவும் எங்களைப் போன்றவர்கள் எழுதிக் குவித்ததைத் தின்றுதான் வளர்ந்திருக்கும். இப்போது, நீ அது மாதிரி எழுதுகிறாய், வெளியே போ என்கிறார்கள்.

பதிப்புத் தொழிலில் எங்கே திரும்பினாலும் இப்போது இதே பேச்சுதான். எங்கள் புத்தகங்களை எங்களைக் கேட்காமல் இயந்திரத்துக்குத் தீனி போட்டுவிட்டீர்கள் என்று எழுத்தாளர்கள் வழக்குப் போடுகிறார்கள். சில பதிப்பகங்கள் பணம் வாங்கிக்கொண்டு தாங்களே தீனி போடுகின்றன. அட்டையில் 'இது மனிதர் எழுதியது' என்று முத்திரை குத்தலாமா என்று கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள். அதே வாரம் வேறொரு நாட்டுப் பதிப்பகத்திலிருந்து எனக்கு வந்த கடிதம் நேர் எதிர்: முதல் திருத்தத்தை இனி கருவி செய்துவிடும், நீங்கள் மேலே ஒரு பார்வை பார்த்தால் போதும், அதனால் பாதி நாளில் முடித்துக் கொடுங்கள். ஒருவருக்கு நான் கருவியைத் தொட்டால் வேலை இல்லை, இன்னொருவருக்குத் தொடாவிட்டால் வேலை இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

இதில் எனக்கும் ஒரு கட்சி உண்டு. இயந்திரம் செய்ததை மனிதர் செய்ததாகச் சொல்லி விற்கக்கூடாது. ஆகவே அந்த அம்மாள் சான்று கேட்டதில் தப்பில்லை என்றும் தோன்றியது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சான்று என்னிடம் இருந்தது. சரியாகச் சொன்னால், ஒரு மாதம் முன்பு வரை இருந்தது.

நான் ஒரு புத்தகத்தைக் கணினியில் தொடுவதற்கு முன், மொத்தத்தையும் ஜெராக்ஸ் கடையில் தாளில் எடுத்து, பென்சிலை வைத்துக்கொண்டு ஒருமுறை படிப்பேன். திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் போய்விட்டது, அதுதான் காரணம். அப்படிப் படிக்கும்போது தோன்றுவதையெல்லாம் ஓரத்தில் கிறுக்குவேன். எனக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்தது. கோபம் ராயபுரத்தில், நான் பிறந்த வீட்டில் வந்தது. அதனால் குழப்பமான வாக்கியத்தைப் பார்த்தவுடன் கை ஆங்கிலத்தில் எழுதாது. 'இன்னா சொல்ல வர்றாரு இவுரு?' என்று எழுதும். 'போன பக்கத்துல ஒண்ணு சொன்ன, இங்க வேற சொல்ற. தூங்கிகினே எழ்தினியா நைனா?' என்று எழுதும். 'இந்தப் பாரா ஒரே பேஜாரு, தூக்கிக் கடாசு' என்று எழுதும். இதெல்லாம் எனக்கு நானே பேசிக்கொள்வது. கணினியில் உட்காரும்போது ஒவ்வொன்றையும் குளிப்பாட்டி, பவுடர் போட்டு அனுப்புவேன். தூங்கிகினே எழ்தினியா என்பது 'நாற்பதாம் பக்கத்துடன் முரண்படுவதாகத் தோன்றுகிறது, சரிபார்க்கவும்' என்று ஆகிவிடும்.

வேலை முடிந்ததும் அந்தத் தாள்களை அழித்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. வெளிவராத புத்தகம் யார் கையிலும் சிக்கக்கூடாதாம். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நானும் அழிக்கத்தான் கொடுத்தேன். எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் வடை போடும் அக்காவிடம் கொடுத்தேன். சூடான மசால் வடைக்கு அடியில் போன தாள் அழியாமல் வேறு என்ன செய்யும்? வருடக்கணக்காக இப்படித்தான் நடந்தது. வெளிநாட்டுப் பேராசிரியர்களின் ஆராய்ச்சி, உலகம் பார்ப்பதற்கு முன், காலடிப்பேட்டையில் எண்ணெய் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு விதிப்படி நான் தாள்களை அழித்திருக்க வேண்டும், இன்னொரு விதிப்படி அழிக்காமல் வைத்துக் காட்ட வேண்டும். நான் இரண்டையும் அரைகுறையாகச் செய்திருந்தேன்.

அக்கா சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வண்டியைக் கொண்டுவருவார். மூன்றரைக்கே போய் நின்று, வண்டி வரும்வரை காத்திருந்தேன். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். தாள் முழுக்கப் பென்சில் கோடு இருப்பதைப் பார்த்து, நான் பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். நானும் மாற்றிச் சொன்னதில்லை.

"இன்னா டீச்சர், இந்நேரத்துல வந்து நின்னுகினு கீற? இன்னும் அடுப்பே பத்த வெக்கல."

"அக்கா, போன மாசம் ஒரு கட்டு பேப்பர் குடுத்தேனே, அது கீதா?"

"கொஞ்சம் கீது, மீதி பூட்ச்சி. இன்னாத்துக்கு?"

சொன்னேன். அந்தத் தாளைக் காட்டாவிட்டால் வேலை போய்விடும் என்றேன். அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வண்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சாக்கை இழுத்தார். நானூற்றுச் சொச்சம் பக்கத்தில் நூறு கூட மிச்சமில்லை. மேலாக இருந்தவை நாலாகக் கிழிக்கப்பட்டு, ஆணியில் குத்தத் தயாராக இருந்தன. அங்கேயே உட்கார்ந்து கிழிந்த துண்டுகளைச் சேர்க்கத் தொடங்கினேன்.

"இரு, இரு. அத்த வுடு," என்றார் அக்கா. மசாலா டப்பாக்கள் வைக்கும் தகரப் பெட்டியைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்தார். முப்பது, நாற்பது பக்கம் இருக்கும். மடிப்பு கூட இல்லாமல் இருந்தது. "இத்த நான் தனியா எடுத்து வெச்சிகினேன்."

"எதுக்குக்கா?"

"படிக்கத்தான். இங்கிலீசு எனுக்கு இன்னா தெரியும்? ஓரத்துல நீ எழ்திகீற பாரு, அத்த படிப்பேன். யாவாரம் டல்லா கீறப்ப அத்தான் நம்மளுக்கு டைம்பாஸு. ஸோக்கா திட்ற டீச்சர் நீ. ஆமா, அந்தப் புள்ள பாஸா பெயிலா?"

"எந்தப் புள்ள?"

"உங்கைல இம்மாந் திட்டு வாங்கிகீதே, அந்தப் புள்ளதான்."

"அது புள்ள இல்லக்கா. பேராசிரியர். வெளிநாட்டுல பெரிய காலேஜ்ல வாத்தியார்."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே. வாத்தியாரையா இந்தக் கிழி கிழிச்சிகீற?" என்று சொல்லி, வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து முதல் சிரிப்பு.

பிறகு அக்கா அந்தக் கட்டின் மேல் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கன்டெய்னர்கள் வந்ததும் துறைமுகத் தொழிலாளியின் முதுகு சுமையிலிருந்து விடுதலை பெற்றது என்றும், அந்த மாற்றம் பெரிய வலி இல்லாமல் நடந்து முடிந்தது என்றும் பேராசிரியர் எழுதியிருந்த பக்கம். அதற்குப் பக்கத்தில், பென்சில் முனை தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, நான் எழுதியிருந்தேன்: 'வலி இல்லியாமா. எங்கப்பா தோள வந்து பாத்தியா நீ? மூட்ட தூக்கித் தூக்கி காப்பு காச்சி கல்லு மாறி இருக்கும். கன்டெய்னர் வந்த அப்பால மூட்டையும் இல்ல, வேலையும் இல்ல. தெனம் காலைல ஆர்பர் கேட்டு வரைக்கும் போய்ட்டு சும்மா திரும்பி வருவாரு. அத்துக்கு பேரு இன்னா?'

எழுதியதே எனக்கு மறந்திருந்தது. ஆனால் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு என்ன அனுப்பினேன் என்பது நினைவில் இருந்தது. 'இக்கூற்று எல்லாத் துறைமுகங்களுக்கும் பொருந்துமா எனத் தெளிவுபடுத்தவும்.' பேராசிரியர் அதற்கு, பொருந்தும், மாற்றம் தேவையில்லை என்று பதில் எழுதியிருந்தார். நானும் சரி என்று கோப்பை மூடிவிட்டேன்.

"எங்க நைனாவும் ஆர்பர்ல மூட்ட தூக்கினவருதான்," என்றார் அக்கா. "இத்து மேல எப்டி வடைய வெக்கிறது, நீயே சொல்லு."

தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் அடுத்த பயம் பிடித்தது. மரியாதையான பக்கம் ஒன்றுகூட இல்லை. ஓரிடத்தில் பேராசிரியரைக் கப்சா மன்னன் என்று எழுதியிருந்தேன். இன்னோரிடத்தில், இதற்குப் பேசாமல் ஐஸ் வியாபாரம் பண்ணலாம் என்று யோசனை சொல்லியிருந்தேன். இவற்றை அனுப்பினால் நான் மனுஷி என்று நிரூபணமாகிவிடும், சந்தேகமில்லை. ஆனால் இப்படிப்பட்ட மனுஷிக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ரப்பரை எடுத்துக் கடுமையானவற்றை மட்டும் அழித்துவிடலாமா என்று யோசித்தேன். ஒரு வார்த்தையின் மேல் ரப்பரை வைத்தே விட்டேன். இயந்திரம் இல்லை என்று காட்டுவதற்காக மனுஷி எழுதியதை அழிக்கிறேனே என்று உறைத்ததும் வெட்கமாகப் போயிற்று. ரப்பரை ஜன்னல் வழியாக எறிந்தேன். அடுத்த நாள் போய்த் தேடி எடுத்துக்கொண்டேன், அது வேறு விஷயம்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கூடவே ஒரு கடிதமும் எழுதினேன். கம்பெனிக் கோப்பின் வாக்கியம் எதையும் தொடவில்லை. தாள்களில் ஏன் எண்ணெய் இருக்கிறது, மீதி எங்கே போயிற்று, நான் எந்த விதியை மீறினேன் என்பதெல்லாம் சொன்னேன். ஓரத்தில் இருப்பது எங்கள் ஊர்ப் பேச்சு, எனக்கு யோசனை அதில்தான் ஓடும், ஆசிரியர் மனம் புண்பட்டால் மன்னிக்கவும் என்று முடித்தேன். அனுப்பிவிட்டு மாதா படத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை, அவருக்கே தெரியும்.

ஏழு நாள் பதிலில்லை. மழை பிடித்துக்கொண்டது. தெருவில் தண்ணீர் நின்றது, அக்கா வண்டியைக் கொண்டுவரவில்லை. இரண்டு முறை மின்சாரம் போயிற்று, இரண்டு முறையும் அந்த நேரத்தில்தான் பதில் வந்திருக்கும் என்று தவித்தேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கெழுத ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதைக் கூடக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதில் புதிதாகப் போய் எங்கே நிற்பது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

எட்டாம் நாள் மதியம் வந்தது. முதல் வரியிலேயே அந்த அம்மாள் சொல்லிவிட்டார்: உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது, கருவியின் முடிவை ரத்து செய்துவிட்டோம். அந்த வரியை நாலு முறை படித்தேன். பிறகு மாடிப்படியில் இறங்கி, பாதியில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நன்றாக அழுதேன். ஒரு வாரமாகத் தோளில் இருந்த இறுக்கம் அப்போதுதான் விட்டது. முகம் கழுவிவிட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். கடிதத்தின் மீதியை அதற்கப்புறம்தான் படித்தேன்.

என் தாள்களை முதலில் தங்கள் மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்தார்களாம். அது தலைகால் புரியாமல் தடுமாறி, ஒரு பக்கத்தைச் சமையல் குறிப்பு என்று சொல்லிவிட்டதாம். அதனால் பேராசிரியருக்கே அனுப்பியிருக்கிறார்கள். அவர் தன் பல்கலைக்கழகத்தில் தமிழ் தெரிந்த ஒரு மாணவியைப் பிடித்திருக்கிறார். அந்தப் பெண் இரண்டு மதியம் உட்கார்ந்து அவருக்கு எல்லாவற்றையும் படித்துச் சொல்லியிருக்கிறாள், கப்சா மன்னன் உட்பட. இனிமேல் தாள்களைக் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்று அந்த அம்மாள் கண்டிப்பாக எழுதியிருந்தார். கேள்விகளை இனி உங்கள் வார்த்தைகளிலேயே எழுதலாம், கொஞ்சம் மென்மையாக, என்றும் எழுதியிருந்தார். வடை நன்றாக இருந்திருக்கும் என்று நம்புவதாகவும் ஒரு வரி இருந்தது.

கடைசியில் அந்த மாணவி தமிழில் தட்டச்சு செய்த இரண்டு வரி: 'அக்கா, நானு எர்ணாவூரு. ரெண்டு வருசமா இங்க நம்ம பேச்ச யாரும் பேசிக் கேக்கல. படிச்சிகினே இருந்தேன், சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு.'

மறுநாள் பேராசிரியரே எழுதினார். கப்சாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நீங்கள் கேட்ட கேள்விக்கு மாற்றம் தேவையில்லை என்று சொல்லியிருந்தேன். நீங்கள் கேட்டது அந்தக் கேள்வி இல்லை என்று இப்போது தெரிகிறது. இதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை? உங்கள் தந்தை எத்தனை காலம் அந்த வாசல் வரை போய் வந்தார்?'

மூன்று வருடம் என்று எழுதினேன். சாப்பாட்டுத் தூக்கு கூட எடுத்துப் போவார் என்று எழுதினேன். இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை, அதனால் நானும் யாருக்கும் சொன்னதில்லை.

மழை விட்ட பிறகு திருத்திய பக்கம் கடைசிச் சரிபார்ப்புக்கு வந்தது. தாளில் எடுத்துக்கொண்டு நேராக வடை வண்டிக்குப் போனேன். அக்கா எண்ணெயில் வடையைத் திருப்பிக்கொண்டிருந்தார். வேலை போகவில்லை என்று முந்தின வாரமே சொல்லியிருந்தேன். இப்போது பக்கத்தை நீட்டி, "வாத்தியார் மாத்திட்டாருக்கா," என்றேன்.

"இன்னா எழ்திகீறாரு, படி."

வலி இல்லாமல் என்ற சொற்கள் அங்கே இல்லை. அந்த இடத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். "சுமை போனதோடு வேலையும் போனது. சென்னையில் ஒரு தொழிலாளி, தோளில் தழும்போடும் கையில் சாப்பாட்டுத் தூக்கோடும், மூன்று வருடம் தினமும் துறைமுக வாசல் வரை நடந்து போய், உள்ளே விடப்படாமல் திரும்பி வந்தார்."

அக்கா கரண்டியை வைத்துவிட்டார். ஒரு வடை கருகியது. பிறகு புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்.

"எங்க நைனாவும் தூக்கு எத்துகினுதான் போவாரு," என்றார். அப்புறம் தாளை என்னிடமே திருப்பி நீட்டினார். "பென்சிலு வெச்சிகினு கீறியா? பாஸுன்னு போடு டீச்சர்."

ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதை மடிக்காமல் தகரப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எனக்கு வடை அன்று தட்டில் வந்தது.